லோரி ஓட்டவா மாஸ்டர்ஸ்?



செலாயாங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணவர், பாசார் போரோங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் லோரி ஓட்டுநர். மகன் சிவில் பொறியியல் முடித்துவிட்டு கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறார். இப்போது போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் பொறியியலில் மாஸ்டர்ஸ் படிக்கவேண்டும் என்கிறாராம். "அப்பா மூன்றாம் படிவத்தோடு நின்று லோரிக்குப் போனார். நீ மாஸ்டர்ஸ் படித்தும் லோரியில்தான் வந்து நிற்பாயா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, தாராளமாகப் படிக்கட்டும். ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கேள்வி உங்கள் வீட்டோடு நிற்கிற கேள்வி அல்ல.

முதலில் உங்கள் கணவரின் வேலையையே எடுத்துக்கொள்வோம். கேமரன் மலையில் சரக்கு ஏறியதும் தாப்பா பக்கம் இறங்குவதா, சிம்பாங் பூலாய் பக்கம் இறங்குவதா என்று மழையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கோஸ் அடியில், பெட்டியில் தக்காளி நடுவில், கசங்கிப்போகும் கீரை வகைகள் மேலே. அதோடு முடிந்துவிடுவதில்லை. கடைசியாக இறக்கவேண்டிய கடைக்காரரின் சரக்கு முதலில் ஏறவேண்டும். முதலில் இறங்கவேண்டியது கதவோரம் இருக்கவேண்டும். இந்த வரிசை பிசகினால் நடு இரவில் பாதி லோரியை இறக்கி மறுபடி ஏற்றவேண்டியதுதான். எந்த ஏட்டிலும் எழுதாமல் இத்தனையையும் மனத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஒருவரைப் படிக்காதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு நெருங்கிய கணக்கைத்தான் 1959-இல் ஜார்ஜ் டான்ட்ஸிக், ஜான் ராம்சர் என்ற இருவர் அமெரிக்காவில் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு கிடங்கிலிருந்து பல பெட்ரோல் நிலையங்களுக்கு லோரிகளை எப்படி அனுப்பினால் ஓடும் மொத்தத் தூரம் குறையும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரே லோரி பத்துக் கடைக்குப் போவதென்றால்கூட 36 லட்சத்து 28 ஆயிரத்து 800 வரிசைகளில் போகலாம். கடைகள் இருபது என்றால், விநாடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சரிபார்க்கும் கணினிக்கும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் எல்லாவற்றையும் எண்ணாமலே நல்ல விடைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும் கணிதம் வளர்ந்தது. இன்று பார்சல் கொண்டுவரும் பையனின் கைப்பேசியில் "அடுத்த வீடு இது" என்று காட்டுவதற்குப் பின்னால் அந்தக் கணிதம் இருக்கிறது. உங்கள் மகன் படிக்கப்போவதில் ஒரு பெரிய பகுதி இதுதான்.

இன்னொன்றும் படிப்பார். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி: ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதால் பெருக்கினால் கிடைக்கும். ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு சந்தைக்கு மணிக்கு 20 லோரி வருகிறது, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் நிற்கிறது என்றால் சராசரியாக 30 லோரி உள்ளே இருக்கும். நிறுத்த இடம் 24-க்குத்தான் இருக்கிறது என்றால் மிச்சம் ரோட்டில் வரிசை கட்டும். உடனே நிலம் வாங்கி இடத்தைப் பெரிதாக்கத்தான் நமக்குத் தோன்றும். படித்தவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். தள்ளுவண்டிக்குக் காத்திருப்பது, ரசீதுக்கு நிற்பது, யார் முதலில் என்ற தகராறு, இவற்றைச் சரிசெய்து ஒன்றரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கினால் உள்ளே 20 லோரிதான். ஒரு சதுர அடி நிலமும் வாங்காமல் ரோடு காலியாகிவிடும். ஓட்டுநரும் அரை மணி முன்னால் வீடு போய்ப் படுப்பார். எனக்கு இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியமாகப் படுகிறது. இந்த நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். தூக்கமில்லாத ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன்னால் அவருடைய தூக்கத்தை யார், எங்கே, எந்த வரிசையில் நிறுத்தித் தின்றார்கள் என்று கேட்கத் தெரிந்த பொறியாளர் நமக்கு வேண்டும்.

காத்திருக்கும் நேரம் காய்கறியையும் கெடுக்கும். உலகில் விளையும் உணவில் ஏறக்குறைய 14 விழுக்காடு, அறுவடைக்குப் பிறகு சில்லறைக் கடைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே வீணாகிவிடுகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019-இல் சொன்னது.

சரக்குக்கு மட்டுமல்ல, மனிதக் கூட்டத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். செலாயாங்கில் இருப்பவர்களுக்குப் பத்துமலை கூப்பிடு தூரம். தைப்பூசத்தன்று ரயில் வந்து நின்றதும் ஒரே நேரத்தில் ஒரு கூட்டம் இறங்குகிறது. எல்லாரும் போய்ச் சேரவேண்டியது 272 படிகளுக்கு. படி ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேரை ஏற்றுமோ அதைவிட அதிகம் பேரை ரயில் கொண்டுவந்து இறக்கினால், மிச்சப் பேர் முருகன் சிலைக்கு முன்னால் தேங்குவார்கள். இரவு முழுவதும் கொமுட்டர் ரயில் ஓடும் அந்த நாளில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் விடுவது, இறங்கும் வழி எது, ஏறும் வழி எது, எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் எந்தத் தடத்தை அடைப்பது, கைக்குழந்தையோடு வருபவரை எங்கே உட்காரவைப்பது, எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும். 1892 முதல் நடந்துவரும் நம் விழாவை இந்தக் கண்ணோடு ஆராய்ந்து ஒரு தமிழ்ப் பிள்ளை ஆய்வேடு எழுதினால், அதைப் படிக்க முதல் ஆளாக நான் காத்திருப்பேன்.

இந்த நாட்டின் போக்குவரத்தில் நம் கை படாத இடம் குறைவு. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற தொழிலாளர் படையைக் கொண்டுவந்தார்கள். மறுவருடம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் உட்கார்ந்தார்கள். செந்தூல் ரயில் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸிலும் தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்கள் வாழ்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு லோரியும் பஸ்ஸும் துறைமுகமும் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டன. உழைப்பு இவ்வளவு இருந்தும், எந்தத் தடம் எங்கே போகவேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் நம்மவர்கள் போதுமான அளவு உட்காரவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டான் ஸ்ரீ ஞானலிங்கம் சாட்சி. 2023-இல் காலமானார். அவர் பொறியாளர் அல்லர், சிகரெட் கம்பெனியில் விற்பனைத் துறையிலிருந்து வந்தவர். 1994-இல் தனியார்மயமான வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தைப் புலாவ் இண்டாவில் கட்டி எழுப்பினார். இன்று அங்கே ஆண்டுக்கு ஒரு கோடி பெட்டிக்கு மேல் கையாளுகிறார்கள், இருபதடி கொள்கலன் கணக்கில். இப்போது கோத்தா பாருவிலிருந்து 665 கிலோமீட்டர் நீளத்தில் கிழக்குக் கரை ரயில் பாதை கோம்பாக் வழியாகக் கிள்ளான் துறைமுகத்தை நோக்கி வருகிறது. அதன் கால அட்டவணையையும் சரக்கு நிலையங்களையும் திட்டமிட ஆள் வேண்டும். நம் வாசலுக்கே வரும் வேலை இது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். லாஜிஸ்டிக்ஸ் என்ற பெயரில் பல படிப்புகள் நிர்வாகத் துறையின் கீழ் நடக்கின்றன. அவை தாழ்ந்தவை அல்ல, ஆனால் வேறு படிப்பு. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, புள்ளியியல், செயல்பாட்டு ஆய்வு, சிமுலேஷன், போக்குவரத்துத் தேவைக் கணிப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். சாலை, ரயில் பக்கம் ஆர்வம் என்றால் யூடிஎம் போன்ற பல்கலைக்கழகங்களின் சிவில் பொறியியல் துறையில் போக்குவரத்துப் பிரிவைப் பார்க்கலாம். கிடங்கு, கப்பல், விநியோகம் என்றால் ஷா ஆலமில் மிஸி என்ற கழகத்தில் இப்போது சேர்க்கை நடக்கிறதா என்று விசாரிக்கலாம். அது அமெரிக்காவின் எம்ஐடியுடன் சேர்ந்து 2011-இல் தொடங்கப்பட்டது.

வேலையை விடவேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. பகுதிநேரமாகப் படித்தால் பகலில் கிள்ளானில் பார்க்கும் தாமதம் இரவில் வகுப்பில் கணக்காக வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். சம்பளமும் நிற்காது. ஆய்வுத் தலைப்பை இணையத்தில் தேடவேண்டாம். ஒரு வாரம் அப்பாவோடு லோரியில் போய்வரட்டும்; ஏறிய நேரம், வந்த நேரம், காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளட்டும்.

டிகிரி இல்லாத அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு செய்தி. ஏப்பல் என்ற பணி அனுபவ அங்கீகார முறையில், முப்பது வயதைக் கடந்து, டிப்ளோமாவோ எஸ்டிபிஎம்மோ வைத்திருந்து, அந்தத் துறையில் அனுபவமும் உள்ளவர்கள், மதிப்பீட்டில் தேறினால் நேராக மாஸ்டர்ஸுக்கே விண்ணப்பிக்கலாம். பதினைந்து வருடம் டிஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்தவருக்கு அந்த வருடங்கள் வீண் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பொறியாளர் வாரியத்தில் பதிவு செய்ய அங்கீகரிக்கப்பட்ட இளங்கலைப் பொறியியல் பட்டம் வேண்டும்; மாஸ்டர்ஸ் மட்டும் அதற்குப் போதாது. சேர்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இராது.

அடுத்த இதழில் சில பக்கங்களை இதற்கே ஒதுக்குகிறோம். லோரி ஓட்டுபவர்கள், கிரேன் இயக்குபவர்கள், ஃபார்வர்டிங் குமாஸ்தாக்கள், கொமுட்டர் ஊழியர்கள், இந்தத் துறையில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியர் எழுதுங்கள். உங்கள் வேலையில் தினமும் எங்கே நேரம் வீணாகிறது, அதை எப்படி மாற்றலாம் என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் சொன்னால் போதும். கையால் எழுதியும் அனுப்பலாம், தட்டச்சு செய்யும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்