தெருவைக் கேட்டவர்கள் ரேங்க் கேட்கிறார்கள்

புது ஊருக்கு வேலைக்குப் போனால் "எந்த ஊரு?" என்பார்கள். சொன்னதும், "ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். அது எதற்கென்று நமக்குத் தெரியும். உயர்கல்வி விடுதிகளில் அதே வேலையை "உன் ரேங்க் என்ன?" என்ற கேள்வி செய்கிறது. நாம் மிகைப்படுத்தவில்லை. சக மாணவரிடம் ஜேஇஇ ரேங்க்கையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்காதீர்கள், அது சாதியை அறியும் முயற்சியாகத் தோன்றும் என்று 2023 ஜூலையில் மும்பை ஐஐடி நிர்வாகமே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவும் அந்த வளாகத்தில் ஒரு தலித் மாணவரைப் பறிகொடுத்த சில மாதங்களுக்குப் பிறகுதான்.

சேரிப் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் "கோட்டா", கிடைக்காவிட்டால் "தகுதியில்லை". 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போகிறார்கள். நல்லது. அங்கேயும் இந்தப் பேச்சு அவர்களை விடுவதில்லை.

நம் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். பழைய முறையில் மருத்துவ இடம் உறுதி. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இரண்டு எண்களும் ஒரே பிள்ளையுடையவை, ஒரே ஆண்டில் வாங்கியவை. 86 மட்டும் எப்படி அவருடைய அறிவின் அளவாகும்? லட்சக்கணக்கில் கட்டி, ஓராண்டு ஈராண்டு கோச்சிங்கில் உட்காரும் வசதி எந்த வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண் சொல்கிறது. நூறு நாள் வேலைக் கூலியில் அது நடக்காது.

தகுதி, தகுதி என்று அவ்வளவு பேசினார்களே! 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது, ஒன்றிய அரசு தகுதிக்கான பர்சன்டைலைப் பூஜ்யமாக்கியது. மைனஸ் மார்க் வாங்கியவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றானது. இடம் நிரம்ப வேண்டுமென்றால் கோடு இறங்குகிறது. நம் பிள்ளை வாசலில் நிற்கும்போது மட்டும் அது கல்லில் வெட்டியதாகிவிடுகிறது.

காலனி இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஃபிளெக்ஸ் வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தெருவிலேயே முதன்முதலாக நீட் எழுதிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் போங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள்.

தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி ஒவ்வொன்றிலும் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும். 104 உதவி எண்ணைச் சுவரில் எழுதிப்போட வேண்டும். தமிழக அரசு ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் படிக்கப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இதை மனுவாக்கி, வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கவிருக்கிறோம். பெற்றோர் காலை 10 மணிக்கு வந்துவிடுங்கள்.