புதுமுக ஓட்டக்காரரை விற்கலாமா, வைத்திருக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

கிரிக்கெட்டைப் பற்றி எழுத நம் விடுதியிலேயே நாற்பது பேர் இருக்கிறார்கள். அதனால் நான் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் போகிறேன். நம்ம கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம்.

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், நண்பர்களோடு ஒரு கற்பனை லீக் நடத்துகிறார். 12 பேர், 12 அணி. பணப் பந்தயம் கிடையாது, மானப் பந்தயம்தான்! நிஜ வீரர்களை நம் அணியில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஓடும் 10 கஜத்துக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு 6, வீசிய பந்தைப் பிடித்தால் 1. இதில் 'டைனஸ்டி' என்ற வகையில் அணியை வருஷா வருஷம் கலைப்பதில்லை. எடுத்த வீரர், நாமாக விடும்வரை நம்மவர். கல்லூரியிலிருந்து புதிதாக வருகிறவர்களை மட்டும் ஒவ்வொரு வருஷமும் சுற்றுச் சுற்றாகத் தேர்வு செய்வோம். அடியில் இருக்கும் அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பையும் வீரர்களையும் மாற்றிக்கொள்வதுதான் டிரேட்.

2024-ல் ஒருவர் பாதியில் விட்டுப்போன அணியை அண்ணன் என் தலையில் கட்டினார். 12-ல் 11-ஆம் இடம். "டேய் தம்பி, சும்மா கிடக்குது, எடுத்துக்கோ!"

அந்த வருஷப் புதுமுகங்களில், மூன்றாம் சுற்றில் எனக்குக் கிடைத்தவர் பக்கி எர்விங். டாம்பா பே அணியின் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். நிஜ டிராஃப்டில் நான்காம் சுற்று, 125-ஆவது ஆள். யாரும் சீந்தவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று கரோலினாவுக்கு எதிராக மனுஷன் 152 கஜம் ஓடினார். மறுநாளே லீக்கில் முன்னணியில் இருந்த ஒருவரிடமிருந்து ஓலை வந்தது: 2025-இன் முதல் சுற்று வாய்ப்பு ஒன்று, கூடவே பந்து பிடிக்கும் இளம் ரிசீவர் ஒருவர். எர்விங்கை மட்டும் கொடுத்தால் போதும்.

நான் மாட்டேன் என்றேன். பெத்த பிள்ளையை விற்பதா என்ற மாதிரி ஒரு ரோஷம்! சீசன் முடிவில் அவர் 1,122 கஜம் ஓடினார். என் அணி அப்போதும் 11-ஆம் இடம்தான். 2025-ல் அவர் காயத்தால் பல ஆட்டங்கள் ஆடவில்லை. முன்பு கேட்டவரிடம் நானே போய்க் கேட்டேன். இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்று தருகிறேன் என்றார், அதுவும் சிரித்துக்கொண்டே.

காயம் என் தப்பு இல்லை, அது விதி. என் தப்பு வேறு. "இவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்?" என்று மட்டும் கேட்டேன். "இவர் நன்றாக ஓடும் வருஷங்களில் என் அணி ஜெயிக்கிற நிலையில் இருக்குமா?" என்று கேட்கவே இல்லை.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஃபெடீக் படித்தோமே, ஞாபகம் இருக்கா? ஒரே அடியில் உடையாத கம்பி, சின்னச் சின்னச் சுமை திரும்பத் திரும்ப விழுந்தால் ஒருநாள் சொல்லாமல் உடையும். ரன்னிங் பேக் உடம்பும் அப்படித்தான். ஒரு சீசனில் இருநூறு, முந்நூறு முறை பந்தை வாங்கி மோதுகிறார். கல்லூரியில் வாங்கிய அடி தனிக் கணக்கு. ரிசீவர் முப்பது வயசிலும் தாக்குப்பிடிப்பார். இவருக்கு இருபத்தேழு தாண்டினாலே சந்தேகம் வந்துவிடும். 2024-ல் முப்பது வயசு டெரிக் ஹென்றி 1,921 கஜம் ஓடினார், உண்மை. ஆனால் ஒரு ஹென்றியை வைத்து எல்லாருக்கும் விலை போட முடியாது.

இதில் வேடிக்கை, இந்தச் சரக்கின் விலை ஒன்றுமே ஓடாதபோதுதான் உச்சத்தில் இருக்கும். அண்ணன் கதையைக் கேளுங்க. 2020-ல் கான்சாஸ் சிட்டி அணி முதல் சுற்றின் கடைசியில், 32-ஆவதாக, கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரை எடுத்தது. சாம்பியன் அணி ஆயிற்றே! அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தன் முதல் வாய்ப்பில் அவரை எடுத்தார். முதல் ஆட்டத்திலேயே 138 கஜம். மறுநாள் ஒருவர் ஜோனதன் டெய்லரோடு ஒரு முதல் சுற்று வாய்ப்பும் தருகிறேன் என்றார். அண்ணன் ஏளனமாகச் சிரித்தார். டெய்லர் 2021-ல் 1,811 கஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம். எட்வர்ட்ஸ்-ஹெலேருக்கோ அந்த முதல் வருஷத்து 803 கஜத்தைத் தாண்டவே முடியவில்லை. அண்ணனிடம் இந்தப் பெயரை இப்போது சொன்னால் போனை வைத்துவிடுவார்.

நிஜ அணிகளும் இந்தக் கணக்கைப் போடுகின்றன. கிளீவ்லேண்ட் 2012-ல் மூன்றாவதாக எடுத்த டிரெண்ட் ரிச்சர்ட்சன் முதல் வருஷம் 950 கஜம் ஓடினார். 2013 செப்டம்பரில், அடுத்த சீசனின் இரண்டே ஆட்டம் முடிந்ததும், இண்டியானாபொலிஸின் முதல் சுற்று வாய்ப்புக்கு அவரைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அந்த வருஷம் அவருடைய சராசரி, ஓட்டத்துக்கு 2.9 கஜம். 2014-க்குப் பிறகு லீக்கில் ஆடவே இல்லை. (அந்த வாய்ப்பை வைத்துக் கிளீவ்லேண்ட் என்ன கிழித்தது என்பது வேறு சோகம்.)

"அப்போ பார்க்லி?" என்று ஒரு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. 2018-ல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட சேக்வான் பார்க்லி, முதல் வருஷமே ஓடியும் பிடித்தும் 2,028 கஜம். 2020-ல் முழங்கால் போச்சு. 2024-ல் வேறு அணிக்குப் போய் 2,005 கஜம் ஓடினார். ஆறு வருஷம் விடாமல் வைத்திருந்தவருக்கு அந்த வருஷம் கொண்டாட்டம்தான். ஆனால் நடுவில் எத்தனை வருஷம் காத்திருந்தார்? பலமான அணி என்றால் காத்திருக்கலாம், ஒருவர் படுத்தாலும் மற்றவர்கள் தாங்குவார்கள். என் அணிக்கு அந்த வசதி இல்லை.

எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். முதல் சுற்று ஆளுக்குப் பணம் கொட்டியிருப்பதால் சறுக்கினாலும் மறுபடி வாய்ப்புக் கொடுப்பார்கள். நான்காம் சுற்று ஆள் படுத்தால் அடுத்த வருஷமே போட்டிக்கு இன்னொருவர் வந்து நிற்பார். பந்து பிடிக்கவும் தெரிந்தால் விலை கூடும். எர்விங் முதல் வருஷத்தில் 47 பந்து பிடித்தார். இதெல்லாம் பார்த்துத்தான் நான் மயங்கினேன்.

மனுஷனுடைய முழங்காலுக்கு விலை போடுகிறோமே என்று சில ராத்திரி உறுத்துகிறது. 2023-ல் ரன்னிங் பேக்குகளே ஒன்றுகூடி, எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம் என்று பேசிக்கொண்டார்கள். உழைத்த பிறகு விலை இறங்குகிறது, உழைப்பதற்கு முன்னால் ஏறுகிறது. கோபம் வராதா பின்னே?

ஆனாலும் விளையாடுகிறேன். அடுத்த புதுமுகத் தேர்வில் எனக்கு மேலே ஒரு வாய்ப்பு இருக்கிறது. நல்ல ரன்னிங் பேக் கிடைத்தால் எடுப்பேன். அவர் முதல் தடவை நூறு கஜம் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், முன்னணியில் இருக்கும் நான்கு பேருக்கும் நானே ஓலை அனுப்புவேன். இதைச் சொன்னதும் அண்ணன், "அன்னிக்கு உனக்கு மனசு வராதுடா" என்கிறார். பார்க்கலாம்.