வேரைப் பிடுங்கி எறியாதீர்கள்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மலையகத்தில் தேயிலையோடு லயத்துப் பின்புற மரக்கறிப் பாத்திகளும் வாடின. நவம்பரில் தடை நீங்கியது. யூரியாவின் விலையோ பழைய நிலைக்கு இறங்கவில்லை.

யூரியா தரும் நைதரசன் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. அவரை, பயறு, போஞ்சி ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் றைசோபியம் பக்டீரியா அதைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது. முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. ஆகவே காய் பறித்தபின் செடியை வேரோடு பிடுங்கி எரிக்காமல், அடியில் அரிந்து வேரை மண்ணிலேயே மட்க விடுங்கள்.

தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கையும் இதே இனந்தான். அதன் கிளைகளை வெட்டித் தேயிலைக்கு இடுவது தோட்டங்களின் பழைய வழக்கம். தேயிலைக்குச் செய்ததை நம் பாத்திக்கும் செய்யலாம்.

ஆனால் ஒன்று. தேயிலை மண் புளிப்பு மண். அதில் இந்தப் பக்டீரியா நன்கு பெருகாது. டொலமைட் இட்டு, குப்பை எரு சேர்த்து, பல போகம் காத்திருந்தே மண்ணைத் தேற்ற வேண்டும். நாளை தோட்ட நிர்வாகம் திருப்பி எடுக்கக்கூடிய பாத்தியில் எந்தத் தொழிலாளி அவ்வளவு செலவழிப்பார்?

“இயற்கைப் பசளைக்கு மாறுங்கள்” என்று நமக்குச் சொல்பவர்கள் முதலில் அந்தப் பாத்தியை எழுத்தில் உறுதிசெய்து தரட்டும். வீட்டுக் காணி கேட்கும் நாமும் பாத்தியை மறவாமல் கேட்போம்.