கம்பெனி வேறு, ஆள் வேறாம்!

இந்தியாவில் வழக்காடுகிறவரின் உண்மையான தொல்லை டிக்ரி வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. இன்றும் அந்தப் பேச்சு பழசாகவில்லை. அதுவும் எதிராளி ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு தச்சர் ஒரு கம்பெனிக்கு நாலு லட்ச ரூபாய்க்கு மேசை நாற்காலி செய்துகொடுத்தார் என்று வையுங்கள். பணம் வரவில்லை. வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து ஜெயிக்கிறார். அமீனா ஜப்திக்குப் போனால் அங்கே காலி அறை. வங்கிக் கணக்கும் காலி. அதே டைரக்டர்கள் அடுத்த தெருவில் புதுப் பெயரில் கடை விரித்திருக்கிறார்கள். எங்கள் துறையில் மாட்டிக்கொண்ட ப்ராசஸை நிறுத்திவிட்டு, அதே ப்ரோகிராமைத் திரும்ப ஓடவிடுவோம். பழைய சிக்கல் எதுவும் அதன் நினைவில் இருக்காது. சர்வருக்கு அது சரி. கடனுக்குமா?

இதற்கெல்லாம் பாட்டன் 1896-ல் தீர்ப்பு வந்த சாலமன் வழக்கு. லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த சாலமன் தன் தொழிலைக் கம்பெனியாக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மீதி ஆறு, குடும்பத்தாருக்கு ஆளுக்கொன்று. கம்பெனி நொடித்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு, அவரிடம் கேட்க முடியாது என்றது பிரபுக்கள் சபை.

இந்த விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொழில் தோற்றால் வீடும் போகும் என்றால் யாரும் தொழில் தொடங்க மாட்டார்கள். என் கேள்வி வேறு. இந்தச் சுவர் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருக்கிறதா?

இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவில் வந்த விதியைப் பாருங்கள். பிரைவேட் கம்பெனியிடம் வரியை வசூலிக்க முடியாவிட்டால், அந்தக் காலத்து டைரக்டர்களே பொறுப்பு. தங்கள் பெரும் அலட்சியமோ முறைகேடோ கடமை தவறியதோ காரணமில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 89-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. ஆக, சர்க்காருக்குப் பாக்கி என்றால் சுவரில் கதவு உண்டு. தச்சருக்கு மட்டும் முழுச் சுவர். என்னங்க நியாயம் இது?

"மோசடி செய்தால் பிடிக்க கம்பெனிச் சட்டத்தில் 339-ஆம் பிரிவு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. கம்பெனியைக் கலைக்கும் நடவடிக்கைக்குள் போய், ஏமாற்றும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் டைரக்டரிடம், நிரூபிக்கும் சுமை தச்சரிடம்!

நான் கேட்பது புதுசு இல்லை, 179-ன் நகல்தான். டிக்ரி இறுதியாகி ஆறு மாதத்தில் பணம் வரவில்லையா? டைரக்டர் கணக்கோடு வந்து விளக்கட்டும். நேர்மையாக நொடித்தவர் அதைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பணத்தை உறவினர் பெயருக்கோ புதுக் கம்பெனிக்கோ நகர்த்தியவர் சொந்தப் பையிலிருந்து கட்டட்டும். ஜெயில் கேட்கவில்லை. கட்ட வழியில்லாதவரை வெறும் கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் சொன்னது எனக்கும் சம்மதமே.

"அப்புறம் எவன் கம்பெனி தொடங்குவான்?" வரிப் பாக்கிக்கு இந்த விதி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. யாரும் கம்பெனி தொடங்காமல் விட்டுவிடவில்லையே. இதைக் கண்டு பயப்பட வேண்டியவர், கடனைப் பழைய பெயரிலும் லாபத்தைப் புதுப் பெயரிலும் எழுதுகிறவர் மட்டும்தான். அவர் பயப்படட்டும்.