புகலிடத்து இதழ்கள்

மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைமை, ஐந்து வாரம் கழித்து, மார்ச் 8 அன்று, மிஸ்ஸிமா, டி.வி.பி., கித் தித், மியான்மர் நவ், செவன் டே ஆகிய ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமங்களை ஒரே அறிவிப்பில் பறித்தது. அச்சு, ஒளிபரப்பு, இணையம் என எவ்வடிவிலும் அவை செய்தி வெளியிடலாகாது என்பது ஆணை. அதற்கு முன்னரே தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. அச்சத்தை விளைவிப்பதாகவோ பொய்யைப் பரப்புவதாகவோ கருதப்படும் எச்சொல்லுக்கும் மூன்றாண்டுவரை சிறை. எது பொய் என்று முடிவுசெய்யும் உரிமையைப் படையே வைத்துக்கொண்டது. ஆயினும் அந்நிறுவனங்களுள் பெரும்பாலானவை வாய் மூடவில்லை. ஆசிரியர்கள் தலைமறைந்தனர், காட்டு வழியாகத் தாய்லாந்துக்கும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தனர், வந்த இடத்திலிருந்தே இணையத்தில் நாள்தோறும் செய்தி வெளியிட்டு வருகின்றனர்.

இவற்றை வெளிநாட்டில் இருந்துகொண்டு எழுதும் அயலவர் ஏடுகள் என்று சிறுமைப்படுத்துவது படையாட்சியின் வழக்கம். அது முழுப் பொய். எல்லைக்கு வெளியே இருப்பது ஆசிரியர் குழு மட்டுமே. செய்தி திரட்டுவோர் உள்நாட்டில், தம் பணியை வீட்டாரிடம்கூட மறைத்து வாழ்கின்றனர். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியின் பாசிஜி சிற்றூரில் மக்கள் கூடியிருந்த இடத்தில் வான்வழித் தாக்குதல் நடந்தது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் அச்செய்தியை உலகம் அறிந்ததென்றால், உள்ளூர்க்காரர்களின் கைபேசிகளும் அவற்றின் படங்களை நம்பி வாங்கி, சரிபார்த்து வெளியிட்ட இத்தகைய இதழ்களுமே காரணம். அடுத்த மாதம் மோக்கா புயல் சித்வே நகரைச் சிதைத்தபோது அங்கே படம் எடுக்கச் சென்றவர் மியான்மர் நவ் இதழின் புகைப்படக் கலைஞர் சாய் சா தைக்கே. புயல் அழிவைப் படமெடுத்ததற்கு அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை இருபது ஆண்டுச் சிறை. 2021 டிசம்பரில் யாங்கூனில் மக்கள் நடத்திய மௌன வேலைநிறுத்தத்தைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் சோ நைங் பிடிபட்ட சில நாள்களில் காவலிலேயே இறந்தார். உலகெங்கும் சிறையில் இருக்கும் இதழாளர்களை ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் சி.பி.ஜே. அமைப்பின் 2024 பட்டியலில், சீனாவுக்கும் இஸ்ரேலுக்கும் அடுத்து மூன்றாம் இடம் மியான்மருக்கு. சிறைப்பட்டோர் 35 பேர். தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு செய்தி பதிவேறும்போது அதற்குரிய விலையை மாண்டலேயிலோ மக்வேயிலோ ஒருவர் கொடுத்திருக்கிறார். இவ்விதழ்களை அளக்கத் தொடங்குவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

பர்மியர்க்கு இது முதல் புகலிட வாழ்வன்று. படையாட்சிக்கு எதிரான 1988 எழுச்சி குருதியில் அடக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறிய மாணவர்கள் வளர்ந்து இதழாளர் ஆயினர். 1992-இல் நார்வேயிலிருந்து வானொலியாகத் தொடங்கியது டி.வி.பி.; 1993-இல் தாய்லாந்தில் ஆங் சா தொடங்கியது இராவதி; 1998-இல் புதுதில்லியில் பிறந்தது மிஸ்ஸிமா. 2007-இல் படையாட்சியை எதிர்த்துத் துறவியர் தெருவில் இறங்கியபோது, சிறு ஒளிப்படக் கருவிகளைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு டி.வி.பி.யின் இளைஞர்கள் எடுத்த காட்சிகளே உலகத் தொலைக்காட்சிகளில் ஓடின. அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று யாங்கூன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜப்பானிய இதழாளர் கென்ஜி நாகாயின் கருவி காணாமற் போயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2023 ஏப்ரலில், அக்கருவியைத் தேடிப் பெற்றுப் பாங்காக்கில் அவருடைய தங்கையிடம் ஒப்படைத்தது டி.வி.பி. காணாமற் போன சான்று ஒன்றைப் புகலிடத்து இதழ் விடாப்பிடியாகக் காத்து மீட்டது.

இடையில் ஒரு வசந்தம் வந்தது. 2012 ஆகஸ்டில் முன்தணிக்கை நீங்கியது. 2013 ஏப்ரலில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், தனியார் நாளிதழ்கள் கடைக்கு வந்தன. புகலிடத்து இதழ்கள் ஊர் திரும்பி யாங்கூனில் அலுவலகம் அமைத்தன. அக்காலத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-இல் சிறுபான்மையரான ரொகிங்கியா மக்கள் ஊர் ஊராக எரிக்கப்பட்டு விரட்டப்பட்டபோது, பர்மிய இதழ்களுள் பல அரசின் சொல்லையே திருப்பிச் சொல்லின. புகலிடத்தில் புடம்போடப்பட்டுத் திரும்பியவையும் அக்குற்றச்சாட்டுக்குத் தப்பவில்லை. இன் தின் ஊரில் ரொகிங்கியர் பத்துப் பேர் கொல்லப்பட்டதை அம்பலப்படுத்திய ராய்ட்டர்ஸ் இதழாளர்கள் வா லோன், சோ சோ ஊ இருவரும் ஏழாண்டுத் தண்டனை பெற்றதும் மக்களாட்சி எனப்பட்ட அக்காலத்திலேதான். தன்னாட்டில் தன் மக்களிடையே இருப்பது இதழாளனுக்கு வலிமை தருவதுபோல், பெரும்பான்மையின் சினத்துக்கு அஞ்சும் கோழைமையையும் தரக்கூடும். இரண்டாம் முறை வெளியேற நேர்ந்தபின் அவ்விதழ்களிற் பணியாற்றுவோர் பலர் ரொகிங்கியரைப் பற்றி எழுதும் முறையை மாற்றிக்கொண்டிருப்பதை நாம் மதிக்கிறோம்.

தமிழ் இதழியலின் வரலாற்றிலும் இப்படியோர் அத்தியாயம் உண்டு. 1908-இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குச் சென்றார். உண்மையில் ஆசிரியராக இருந்த பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டே இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசு புதுச்சேரிக்குள் நுழைந்து அச்சகத்தை உடைக்க இயலவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை விதித்தது. அஞ்சல் வழி அடைபட்டது. 1910-இல் ‘இந்தியா’ நின்றுபோயிற்று. ஆசிரியர் பாதுகாப்பாக இருந்தார், எழுத்தும் குன்றவில்லை. வாசகரை அடையும் வழியை இழந்ததே அவ்விதழின் முடிவாயிற்று.

நூறாண்டு கடந்தும் அடக்குமுறையின் உத்தி அதுவே. மியான்மர்ப் படை ஆட்சியைப் பிடித்த மூன்றாம் நாளே முகநூல் முடக்கப்பட்டது. மியான்மரில் பெரும்பாலோர்க்கு இணையம் என்றாலே முகநூல்தான். மக்கள் வி.பி.என். செயலிகளின் துணையால் தடையைத் தாண்டினர். 2025-இல் வெளியிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலின்றி வி.பி.என். சேவை வழங்குவதையே குற்றமாக்கிவிட்டது. சோதனைச் சாவடியில் கைபேசியைப் பிடுங்கிப் பார்க்கும் படைவீரனின் கண்ணில் டி.வி.பி. பக்கம் படுமாயின் கைபேசிக்காரரின் கதி நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.

வழி இப்படியென்றால் பொருள்நிலை இன்னும் இரங்கத்தக்கது. விளம்பரம் தரும் வணிகர் எவரும் தடைசெய்யப்பட்ட இதழுக்குப் பணம் தரத் துணியார். ஆகவே இவ்விதழ்கள் மேலைநாடுகளின் நல்கையில் வாழ்ந்தன. அதிலும் அமெரிக்காவின் பங்கு பெரிது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு அயல்நாட்டு உதவிகளை ஏறத்தாழ முழுவதும் நிறுத்திவைத்தபோது, ஒரு கையெழுத்தில் பல ஆசிரியர் குழுக்கள் சுருங்கின. மார்ச்சில் வாய்ஸ் ஆப் அமெரிக்காவும் மௌனமாக்கப்பட்டது. அம்மாதம் 28-ஆம் நாள் சகாயிங், மாண்டலே பகுதிகளைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அயல்நாட்டு இதழாளர்களை உள்ளே விடப் படையாட்சி மறுத்தது. செய்தி மிகவும் வேண்டப்பட்ட அந்த வாரத்தில், ஊதியம் நின்றுபோன இதழாளர்களே இடிபாடுகளைப் பற்றி எழுதினர். ஒரே நாட்டின் கருவூலத்தை நம்பி மக்களின் கண்ணையும் காதையும் அடகுவைத்தது உலகத்தின் பிழை. ஐரோப்பாவும் ஜப்பானும், ஏன் ஆசிய நாடுகளும், நீண்டகாலப் பொறுப்பை இப்போதேனும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தங்கும் கூரையும் நிலையானதன்று. 2021 மே மாதம் சியாங் மாயில் டி.வி.பி. இதழாளர் மூவரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தாய்லாந்துக் காவல்துறை கைதுசெய்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே அவர்கள் திருப்பி அனுப்பப்படாமல் மூன்றாம் நாடொன்றுக்குச் செல்ல முடிந்தது. தாய்லாந்து எல்லையில் உள்ள மே சொட் நகரில் இன்றும் எத்தனையோ பேர் கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சியே செய்தி எழுதுகின்றனர்.

இந்தியாவின் நடத்தையை இனிப் பேசியாக வேண்டும். மிஸ்ஸிமாவைத் தொடங்கிய சோ மியின்ட், 1990-இல் போலி வெடிகுண்டைக் காட்டித் தாய் விமானமொன்றைக் கல்கத்தாவுக்குத் திருப்பிய மாணவர்களுள் ஒருவர். அச்செயல் தவறு, அதற்காக வழக்கும் நடந்து 2003-இல் விடுதலையும் ஆனார். ஆனால் அவரைப் பர்மியப் படையிடம் இந்தியா ஒப்படைக்கவில்லை. தில்லியில் வாழவும் எழுதவும் விட்டது. பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதும் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தம் இல்லத்தில் பர்மிய மாணவர்க்கு இடம் கொடுத்திருந்தார். அந்தத் தில்லி 2021 மார்ச்சில் வடகிழக்கு மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், எல்லை தாண்டி வருவோரைத் தடுக்கும்படி பணித்தது. மிசோரம் முதலமைச்சர் சோரம்தங்கா அதை ஏற்க இயலாதென்று பிரதமருக்கே எழுதினார்.

மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் அப்போது ஏழு பர்மியர் சிக்கித் தவித்தனர். மிஸ்ஸிமா இதழாளர் மூவரும் அவர்களுள் இருந்தனர். 1960-களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு, மனம் பொறாமல் மீண்டும் அங்கே செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் குடியமர்ந்த ஊர் அது. அவ்வெழுவர்க்காக மணிப்பூர் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2021 மே 3 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் குமார் தலைமையிலான அமர்வு, உயிருக்கு அஞ்சி வந்தோரை ஆபத்தின் வாய்க்கே திருப்பி அனுப்பாமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறி, அவர்கள் தில்லி சென்று ஐ.நா. ஏதிலியர் ஆணையத்தை அணுக வழிவிட்டது. இந்திய நீதித்துறையின் தலைசிறந்த தீர்ப்புகளுள் ஒன்றாக அதை நாம் மதிக்கிறோம்.

அதே மணிப்பூரில் 2024-இல் பர்மியர்களைத் திருப்பி அனுப்பும் பணியை மாநில அரசு தொடங்கியது. அங்கு நிலவிய இனக்கலவரத்தின் அச்சம் நமக்குப் புரியாததன்று. ஆனால் உரிமம் பறிக்கப்பட்ட இதழில் பணியாற்றியவரையும் எல்லையோரக் கடத்தல்காரரையும் ஒரே பட்டியலில் வைக்கும் அரசு தன் நீதிமன்றத்தின் சொல்லையே மறுக்கிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச் சட்டமும் இல்லை. ஆகவே ஒவ்வொருவர் கதியும் அதிகாரி ஒருவரின் மனநிலையில் தொங்குகிறது. உள்துறை அமைச்சகம் உடனே செய்யக்கூடியவை உள்ளன. மியான்மரில் 505ஏ பிரிவில் தேடப்படும் இதழாளர்க்கு நீண்டகாலத் தங்கல் அனுமதியும் பணிசெய்யும் உரிமையும் தரலாம். அவர்களை நாடு கடத்துவதில்லை என்று எல்லை மாநிலங்களுக்கு எழுத்தில் ஆணையிடலாம். 2021 மார்ச் கடிதத்தைத் திரும்பப் பெறலாம். இவற்றுக்கு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.