பவழத்திற்கும் இடைவெளி வேண்டும்

சிங்கப்பூர் முதலிய ஊர்களில் வாழும் நம் உறவினர் சிலர், கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, உயிருள்ள பவழங்களை வளர்த்து வருகின்றனர். விடுமுறைக்கு அங்குச் சென்று திரும்பும் நம் சித்தூர், திருப்பதிச் சிறுவர்கள், நம் வீட்டிலும் வைக்கலாமா என்று கேட்பது இயல்பே. அவ்வினாவிற்கு இத்திங்கள் விடை காண்போம்.

பவழம் கல்லன்று, செடியுமன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு அது. அவற்றின் உடலினுள் வாழும் நுண்பாசி, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கித் தருகிறது. ஆதலின் ஒளி படும் இடத்திற்காகப் பவழங்கள் ஒன்றோடொன்று போரிடுகின்றன. சில, தம் வயிற்றிலுள்ள செரிப்பு இழைகளை வெளியே நீட்டி, அண்டையிலுள்ளதை உயிருடனேயே கரைத்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் ஜூடித் லாங் என்னும் ஆராய்ச்சியாளர் ஜமெய்க்காக் கடலில் கண்டு விளக்கிய செய்தி இது. வேறு சில, இரவில் கொட்டும் கைகளை நெடுந்தூரம் நீட்டும். மென்பவழங்களோ நீரில் நச்சைக் கலக்கும்.

எனவே, பகலில் காணும் உருவை மட்டும் நோக்கி இடம் குறித்தல் ஆகாது. வெவ்வேறு இனங்களுக்கிடையே 15 சென்டிமீட்டரேனும் விடுதல் நன்று. கேலக்சியா போன்ற முரட்டு இனத்திற்கு 30 சென்டிமீட்டர் வேண்டும். நீரோட்டம் செல்லும் திசையில் கொட்டும் கைகள் மேலும் எட்டுமாதலால், அப்பக்கம் எளிய இனத்தை வைக்கலாகாது. கிளைவிடும் அக்ரோபோரா ஓராண்டில் 10 சென்டிமீட்டர் வரை வளரக்கூடும். அதற்கும் இடம் ஒதுக்குக. உருண்டு அயலின்மேல் விழாதபடி ஒவ்வொன்றையும் உறுதியாக ஒட்டுக. விளக்கணைத்துச் சில மணி நேரம் கழித்து, மங்கிய ஒளியில் பார்த்தால் கைகள் எட்டும் தொலைவு விளங்கும். மென்பவழம் உள்ள தொட்டியில் கரி வடிகட்டியும், காலந்தோறும் நீர் மாற்றுதலும் இன்றியமையாதன.

இவை யாவும் அயல்நாட்டு உறவினர்க்கு உரியவை. நம் நாட்டில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவழங்களும் கரும்பவழமும் நெருப்புப் பவழமும் கடல் விசிறியும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து அவற்றை எடுத்தலும் விற்றலும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உலர்ந்த துண்டிற்கும் விலக்கில்லை. இராமேசுவர யாத்திரையின்போது எவரேனும் விலை கூறினால் வாங்காதீர்கள்.

இக்கண்டிப்பிற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவழப் பாறைகள் உள்ளன. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. முன்னர்ச் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் பவழக்கல்லை வெட்டியெடுத்தமையால் அலையைத் தடுக்கும் அரண் குலைந்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2016-இல் கடல் வெப்பம் மிகுந்து பவழங்கள் வெளிறி மடிந்தன. தூத்துக்குடியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பவழத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி, கடலடியில் மீண்டும் நட்டு வளர்க்கின்றனர்.

அவ்வாறு நட்டு வளர்ப்பதை நாம் பிடுங்கி வருதல் தகுமோ? உப்பு நீர்த் தொட்டியே வேண்டுமெனில், நம் நாட்டுப் பொரிப்பகங்களில் பெருக்கப்பெற்ற கோமாளி மீன் ஓரிணை போதும். சுட்ட மண் ஓட்டைச் சாய்த்து வைத்தால், அவை அதனையே இல்லமாகக் கொள்ளும். பிள்ளைகள் பார்த்து மகிழ அது குறைவில்லாத காட்சியே.