தடைக்கு இரு நாள். சிகிச்சைக்கு எத்தனை நாள்?

புது தில்லி: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். மின்-சிகரெட்டுக்கான தடையும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவே வந்தது. தடை விதிப்பதில் மத்திய அரசு காட்டிய இந்த வேகம், பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதில் தென்படவில்லை.

மீள விரும்புவோர் குறைவு என்று கூறிவிட முடியாது. 2016-17-ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகைப்பவர்களில் 55.4 சதவீதத்தினர் அதைக் கைவிடத் திட்டமிட்டோ யோசித்தோ வந்தனர், 38.5 சதவீதத்தினர் முந்தைய ஓராண்டில் முயன்றும் பார்த்தனர். ஆனால், உதவியின்றி மேற்கொள்ளப்படும் முயற்சிகளில் 4 சதவீதமே வெற்றி பெறுவதாக உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் உயரும்.

இதில் மொழிக்கும் பங்குண்டு. ஆங்கிலத்தின் 'அடிக்ஷன்' என்ற சொல்லைச் செய்திகளில் 'அடிமைத்தனம்' என்றே பெயர்க்கிறோம். நோயைக் குறிக்க வேண்டிய சொல், நோயாளியின் மீது குற்றம் சுமத்துவதாக ஒலிக்கிறது. மன உறுதி இல்லாதவர் என்று முத்திரை குத்தப்படுபவர் மருத்துவமனையைத் தேடிச் செல்லத் தயங்குவது இயல்பே.

தேடிச் செல்வோருக்குத் தலைநகரில் இடங்கள் உள்ளன. தில்லி பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் 2016 முதல் தேசிய புகையிலை விடுப்பு உதவி மையம் இயங்குகிறது. இதன் கட்டணமில்லா எண் 1800-11-2356. அழைப்பவர் பழக்கத்தைக் கைவிடும் நாளைக் குறித்துக்கொண்டால், அதன் பிறகு ஆலோசகர்களே தொடர்ந்து தொலைபேசியில் அழைத்து விசாரிக்கின்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்தின் வழியாகத் தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பர் முதல் இந்த எண் புகையிலைப் பொருள்களின் உறைகளில் அச்சாகி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், தில்லியின் பான் கடைகளில் சிகரெட்டை ஒன்றிரண்டாக உதிரியாக வாங்குபவர் உறையைப் பார்ப்பதே இல்லை. எச்சரிக்கைப் படத்தோடு உதவி எண்ணும் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. மையம் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது; திங்கள்கிழமை விடுமுறை.

மருந்தைப் பொருத்தவரை, 2 மில்லிகிராம் நிகோடின் மெல்லும் பசையை மருத்துவர் சீட்டு இன்றியே வாங்கலாம். நிகோடின் மாற்று சிகிச்சை 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லித்தர ஆள் இல்லாததே குறை. சிறிது மென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மருந்து பயனற்றது என்று கருதி இரண்டே நாளில் நிறுத்திவிட இதுவே போதும். நிகோடினை விட்ட முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும் என்பதால், துணை தேவைப்படும் காலமும் அதுவே.

இணைய விளையாட்டில் நிலைமை இன்னும் கடினம். அதற்கு மெல்லும் பசை போன்ற மாற்று மருந்து ஏதுமில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சையே முதன்மையானது. அதற்குப் பல வாரங்களும் பயிற்சி பெற்ற நிபுணர்களும் தேவை. நிம்ஹான்ஸ் 2014-இலும், தில்லி எய்ம்ஸ் 2016-இலும் இதற்கெனச் சிறப்புப் பிரிவுகளைத் தொடங்கின. எய்ம்ஸ் பிரிவு வாரம் ஒருமுறை நடக்கும் சிகிச்சைப் பிரிவாகவே தொடங்கியது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டு சார்ந்த கோளாறு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பண விளையாட்டுகளால் 45 கோடி பேர் பாதிக்கப்பட்டு, ஆண்டுக்கு ரூ.20,000 கோடிக்கு மேல் இழப்பதாக மத்திய அரசே மதிப்பிட்டது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் விளையாடுபவரைத் தண்டிக்கவில்லை. நிறுவனங்களை நடத்துவோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் ரூ.1 கோடி வரை அபராதமும் விதிக்கிறது. விளையாடியவரைப் பாதிக்கப்பட்டவராகக் காணும் இந்த அணுகுமுறை வரவேற்கத்தக்கது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கான சிகிச்சை குறித்து அச்சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. செயலி முடங்கியதும் உந்துதல் அடங்கிவிடாது. வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களை நோக்கி அது திரும்பும் அபாயம் உண்டு.

இப்போதைக்கு எளிதில் எட்டும் வாசல், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மனாஸ் சேவையாகும். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். மருத்துவமனை சிகிச்சை தேவைப்படுவோரை அருகிலுள்ள மையத்துக்கு அவர்களே பரிந்துரைப்பர். அந்த மையத்தில் நடத்தை சார்ந்த கோளாறுகளைக் கையாளத் தெரிந்த நிபுணர் இருப்பாரா என்பது, அழைப்பவர் வசிக்கும் மாவட்டத்தைப் பொறுத்தே அமையும்.